இன்னொருவர் பெயர்ப்பலகையின் கீழ்

2022 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, என் பனியன் கம்பெனியின் கடைசி ஓவர்லாக் தையல் எந்திரங்களை லாரியில் ஏற்றி அனுப்பினேன். சனிக்கிழமை என்பது நன்றாக நினைவிருக்கிறது. திருப்பூரில் அது வாரச் சம்பள நாள். பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாக அன்று சம்பளம் வாங்க என் கூடத்தில் ஆள் இல்லை.

2003இல் 12 எந்திரங்களோடு தொடங்கி 64 வரை கொண்டுபோன தொழில் அது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணி வராமல் தவித்தோம், தாண்டினோம். பணமதிப்பு நீக்கம், ஜிஎஸ்டி, பொதுமுடக்கம் எல்லாவற்றையும் தாண்டினோம். 2021-22இல் நூல் விலை ஏறியபோதுதான் முடியாமல் போயிற்று. பழைய நூல் விலையை நம்பி ஒப்புக்கொண்ட ஆர்டர்களைப் புதிய விலையில் முடித்துக் கொடுத்தேன். வர வேண்டிய பணம் எட்டு மாதம் இழுத்தது. எல்லோருக்கும் கொடுத்து முடித்தபின் கையில் 38 லட்சம் ரூபாய் மிஞ்சியது. எனக்கு வயது 49.

அடுத்து ஒரு ஃபிரான்சைஸ், அதாவது வேறொரு நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் கடை நடத்தும் உரிமை, எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். "இத்தனை வருடம் முதலாளியாக இருந்துவிட்டு இனி யாரோ ஒருவர் பெயருக்கு உழைப்பதா?" என்று என் மைத்துனர் நேராகவே கேட்டார். அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய சாம்பிள் பனியன்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டியிலும் ஒரு வெளிநாட்டுக் கடையின் பெயர். பத்தொன்பது ஆண்டுகளில் லட்சக்கணக்கான உருப்படிகள் தைத்திருக்கிறேன். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. நான் எப்போதும் அடுத்தவர் பெயருக்குத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். இனி அந்தப் பெயரை வைத்துக்கொள்வதற்கு நான் பணம் கட்டப் போகிறேன், அவ்வளவுதான் வேறுபாடு. அப்படியானால் அந்தப் பெயர் எனக்கு என்ன தருகிறது என்று பைசா பைசாவாகக் கணக்குக் கேட்கும் உரிமையும் எனக்கு உண்டு என்று தோன்றியது.

சொந்தமாக ஒரு புதிய கடையைத் தொடங்கியிருக்கலாம். எனக்கு அந்தத் துணிவு இருந்தது, காலம் இல்லை. ஒரு பெயரை ஊரில் நிலைநிறுத்த மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், செலவு எந்திரத்தைவிட அதிகமாகும். தவறுகளை ஒவ்வொன்றாகச் செய்து கற்றுக்கொள்ள முப்பது வயதில் என்னிடம் நேரம் இருந்தது. ஐம்பதில், வேறு யாரோ ஏற்கெனவே செய்து முடித்த தவறுகளின் பட்டியலை விலைக்கு வாங்குவது நியாயமாகப் பட்டது. ஃபிரான்சைஸ் கட்டணம் என்பது அந்தப் பட்டியலுக்கான விலை என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். பட்டியல் இல்லாமல் பெயர்ப்பலகையை மட்டும் விற்கிற நிறுவனங்களும் உண்டு. அவர்களிடம் கட்டும் பணம் வீண்.

தேநீர்க் கடை, மழலையர் பள்ளி, ரத்தப் பரிசோதனை மையம் என்று ஏழெட்டு தேடிப் பார்த்தேன். சிலவற்றில் நாம் பணம் மட்டும் போட வேண்டும். கடையை நிறுவனமே நடத்தும். மாதாமாதம் இவ்வளவு வரும் என்று உறுதி சொல்வார்கள். தொழில் வட்டாரத்தில் இதை ஃபோக்கோ என்கிறார்கள். நாமே போட்டு நாமே நடத்துவது ஃபோஃபோ. தொழில் செய்து பழகியவர் முதல் வகையில் போகவே கூடாது என்பது என் திடமான கருத்து. ஈடு இல்லாமல் முன்பின் தெரியாதவருக்குக் கடன் கொடுப்பதற்கு அது சமம். கடை நஷ்டத்தில் ஓடும்போது அந்த மாதாந்திரத் தொகை எங்கிருந்து வரும்? அடுத்து வந்து பணம் கட்டுபவரிடமிருந்துதான் வர முடியும்.

கடைசியில் சலவை நிலையத்தைத் தேர்ந்தேன். வடக்கே தலைமையகம் கொண்ட ஒரு நிறுவனம். துவைப்பு, உலர்சலவை, இஸ்திரி எல்லாம் கடையிலேயே நடக்கும். கோவை வடவள்ளியில் இடம் பார்த்தேன். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பகுதி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள் நிறைய. துணி எனக்குத் தெரியும். சாயம் போகும் துணி எது, சுருங்கும் துணி எது என்று தொட்டாலே சொல்வேன். இந்த அறிவே பின்னால் எனக்கு ஒரு பெரிய இடறலாக வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இந்தப் பாதையில் வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்வேன். நிறுவனம் தன் கிளை உரிமையாளர்கள் ஆறு பேரின் எண்களைத் தந்தது. ஆறு பேரும் மகிழ்ச்சியாகப் பேசினார்கள். அதில் வியப்பு இல்லை. திருப்பூரில் வெளிநாட்டு பையர், அதாவது எங்களிடம் வாங்குபவர், வரும்போது நாங்களும் நன்றாக ஓடும் தையல் லைனைத்தான் காட்டுவோம். எனக்குத் தேவைப்பட்டது மூடியவர்கள். கூகுள் வரைபடத்தில் அந்த நிறுவனத்தின் பெயரை ஊர் ஊராகத் தேடினேன். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்ற குறிப்போடு நான்கு கடைகள் கிடைத்தன. அவற்றில் இரண்டு தமிழ்நாட்டில். பக்கத்துக் கடைக்காரர்களிடம் விசாரித்து ஒருவரைக் கண்டுபிடித்தேன். சேலத்துக்காரர், வெள்ளிக் கொலுசு வியாபாரத்தில் இருபது ஆண்டுகள் இருந்தவர்.

சேலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "நீங்களாவது கேட்க வந்தீர்கள். நான் யாரையும் கேட்கவில்லை" என்றார். நிறுவனத்தோடு அவருடைய ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. கட்டடத்தின் வாடகை ஒப்பந்தமோ 11 மாதத்துக்கு. இரண்டாம் ஆண்டு கட்டடக்காரர் வாடகையை ஏற்றினார். காலி செய்தால் புது இடத்தில் நிறுவனத்தின் வரைபடப்படி எல்லாவற்றையும் மறுபடி சொந்தச் செலவில் அமைக்க வேண்டும். இருந்தால் கட்டுப்படியாகாது. மூடினார். மூடிய மறுநாள் கடையின் கைபேசி எண்ணும் வாட்ஸ்அப் பட்டியலும் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன. எண் நிறுவனத்தின் பெயரில் வாங்கியது என்பதை அவர் அன்றுதான் கவனித்தார். ஆனால் முழுப் பழியையும் அவர் நிறுவனத்தின் மேல் போடவில்லை. "என் தப்பும் உண்டு. ஆள் வைத்து நடத்தலாம், நான் கொலுசுக் கடையிலேயே இருக்கலாம் என்று நினைத்தேன்" என்றார். அந்த மூன்று மணி நேரத்துக்கு நான் எந்த ஆலோசகருக்கும் எவ்வளவு கட்டணமும் கொடுத்திருப்பேன்.

அமெரிக்காவில் இப்படி அலைய வேண்டியதில்லை. அங்கே 1979 முதல் மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இருக்கிறது. 23 தலைப்புகள் கொண்ட தகவல் ஆவணத்தை, கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே நிறுவனம் கொடுத்துவிட வேண்டும். விலகிப்போன கிளை உரிமையாளர்களின் பட்டியலும் அதற்குள் இருக்கும். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டமும்தான் துணை. காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டது எதுவோ அதுவே நமக்குச் சட்டம். இவ்வளவு பேர் சேமிப்பைக் கொட்டும் ஒரு தொழிலுக்கு இந்த நிலை நீடிப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆகவே ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் கொடுத்து வரி வரியாகப் படித்தோம். 42 பக்கம். "இது எல்லோருக்கும் ஒரே மாதிரியான ஒப்பந்தம், மாற்ற முடியாது" என்றுதான் முதலில் சொன்னார்கள். பையர்களோடு பத்தொன்பது ஆண்டுகள் பேரம் பேசியவனுக்கு அந்தச் சொல் பழக்கமானது. பணம் கட்டும்வரைதான் நம் குரலுக்கு எடை உண்டு. பேச வேண்டியதை எல்லாம் அதற்கு முன் பேசிவிட வேண்டும். ஒப்பந்தக் காலமும் வாடகைக் காலமும் ஒன்றாக ஐந்து ஆண்டுகள் இருக்க வேண்டும் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். கட்டடக்காரரிடம் 11 மாதக் காகிதத்தை மறுத்து, ஐந்து ஆண்டுக் குத்தகையாகவே பதிவு செய்தேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவுக்குத் தயங்கித்தான் பலர் 11 மாதத்தில் நிற்கிறார்கள்.

என் எல்லை எது என்பதில் இன்னும் கடுமையாக நின்றேன். 'மூன்று கிலோமீட்டருக்குள் வேறு கிளை வராது' என்று இருந்தது. கிளை வராது, சரி. நிறுவனத்தின் செயலி வழியாக என் பகுதியிலிருந்து வருகிற ஆர்டர் யாருக்குப் போகும்? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அஞ்சல் குறியீட்டு எண்களைப் பட்டியலிட்டு, அவற்றிலிருந்து எந்த வழியில் ஆர்டர் வந்தாலும் என் கடைக்கே என்று எழுதி வாங்கினேன். கைபேசி எண்ணை என் பெயரில் வாங்கினேன். எந்திரங்கள் எல்லாவற்றையும் அவர்கள் சொல்லும் விற்பனையாளரிடமே வாங்க வேண்டும் என்ற வரியில், நீராவிக் கொதிகலனையும் இஸ்திரி மேசைகளையும் விலக்க வைத்தேன். காற்றை உறிஞ்சும் இஸ்திரி மேசை திருப்பூரில் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவர்கள் கொடுத்த அளவுகளின்படியே, அவர்கள் சொன்ன விலையில் பாதிக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினேன். என் பழைய தொழில் எனக்குக் கைகொடுத்த இடம் இதுதான், கையெழுத்துக்கு முன்னால்.

கிடைக்காதவையும் உண்டு. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயம் அவர்கள் ஊரில்தான் நடக்கும் என்ற வரி அசையவில்லை. ஒரு லட்சம் ரூபாய்ப் பிரச்சினைக்கு விமானம் ஏறி வக்கீல் வைக்க முடியாது என்பதே அந்த வரியின் பொருள். அதை விலையாக ஏற்றுக்கொண்டேன். ஒப்பந்தம் முடிந்த பிறகும் மூன்று ஆண்டுகள் சலவைத் தொழில் செய்யக்கூடாது என்ற வரியும் அப்படியே இருந்தது. வக்கீல் விளக்கினார்: ஒப்பந்தம் நடக்கும்போது அதே தொழிலை வெளியே செய்யக்கூடாது என்ற தடை செல்லும். 1995இல் குஜராத் பாட்டிலிங் நிறுவனத்துக்கும் கோகோ கோலாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லியிருக்கிறது. முடிந்த பிறகான தடை பொதுவாக ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் முன் நிற்காது. ஆனால் அவர்களுடைய பெயரையும் அடையாளத்தையும் தொடக்கூடாது. இது தெரிந்த பிறகு எனக்கு மூச்சு சீராக வந்தது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கையேட்டில் முதலீடு 24 லட்சம் என்று இருந்தது. எனக்கு ஆனது 33 லட்சத்துக்கு மேல். பத்து மாத வாடகை முன்பணம், மும்முனை மின்சாரத்துக்கான வைப்புத்தொகை, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீருக்காக வைத்த மென்னீர்க் கருவி, முதல் எட்டு மாத நஷ்டம் இவை எதுவும் அந்த 24இல் இல்லை. கையிருப்பை முழுவதும் கொட்டாமல் 15 லட்சம் வங்கிக் கடன் வாங்கியது நான் செய்த நல்ல காரியம். கையில் பணம் இருந்ததால்தான் அந்த எட்டு மாதத்தில் பதறாமல் இருந்தேன்.

இப்போது ஒரு சராசரி மாதத்தில் வரி நீங்கலாக 4 லட்சம் ரூபாய்க்கு வேலை நடக்கிறது. பெயரைப் பயன்படுத்துவதற்கான ராயல்டி 7 சதவீதமும் விளம்பர நிதி 2 சதவீதமும் சேர்த்து 36,000 நிறுவனத்துக்கு. வாடகை 42,000, எட்டுப் பேர் சம்பளம் 1,28,000, மின்சாரம் 36,000, ரசாயனமும் உறைகளும் 40,000, வண்டிச் செலவு 20,000, கடன் தவணை 33,000, பழுதும் இழப்பீடும் மற்றவையும் 12,000. மிச்சம் 53,000. இதற்குள் என் உழைப்பும் இருக்கிறது, காலையிலிருந்து இரவு வரை கணக்குப் பார்க்கிற என் மனைவியின் உழைப்பும் இருக்கிறது. கையேடு சொன்னது 35 சதவீத லாபம். அந்தக் கணக்கில் ஆட்கள் ஆறு பேர்தான், தவணை இல்லை, நாங்கள் இருவரும் இல்லவே இல்லை. ராயல்டி லாபத்தில் கணக்கிடப்படுவதில்லை, மொத்த விற்பனையில் கணக்கிடப்படுகிறது என்பதைத் தொழில் தெரிந்தவர்கள்கூட முதலில் உணர்வதில்லை. நஷ்டமான மாதத்திலும் அது போய்க்கொண்டே இருக்கும்.

ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராயல்டிக்கு நான் கட்டும் 18 சதவீத வரியை, வாடிக்கையாளரிடம் வாங்கும் வரியில் கழித்துக்கொள்கிறேன். தேநீர்க் கடை ஃபிரான்சைஸ் எடுத்த என் நண்பருக்கு அது முடியாது. அவர் வசூலிப்பது உணவகங்களுக்கான 5 சதவீத வரி. அதில் உள்ளீட்டு வரி கழிவு கிடையாது. ராயல்டிக்கும் தொடக்கக் கட்டணத்துக்கும் கட்டிய வரி முழுக்க அவர் கையை விட்டுப் போன பணம். உணவுத் தொழில் பக்கம் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் தங்கள் ஆடிட்டரிடம் இதை ஒரு காகிதத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இனி அந்த இடறல். கடை திறந்த நான்காம் மாதம், நிறுவனத்தின் சலவை ரசாயனம் விலை அதிகம் என்று எனக்குத் தோன்றியது. பதினைந்து ஆண்டுகளாகப் பழகிய ஒரு திருப்பூர் ரசாயன வியாபாரியிடம் அதே வகைப் பொருளைப் பாதி விலைக்கு வாங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. துணி எனக்குத் தெரியும், ரசாயனமும் தெரியும் என்ற நினைப்பு. மூன்றாம் நாள் இஸ்திரி மேசையில் இருந்த பெண், "அண்ணா, இதைப் பாருங்கள்" என்று ஒரு வெள்ளைச் சட்டையை நீட்டினார். கழுத்தும் கைமடிப்பும் லேசாக மஞ்சளாகியிருந்தன. அடுத்ததும் அப்படியே. அன்று மட்டும் 40 சட்டைகளுக்கு மேல்.

காரணம் எளியது. எந்திரத்தில் ரசாயனத்தை அளந்து விடும் பம்பு நிறுவனத்தின் பொருளுக்கென்று அளவு வைக்கப்பட்டது. நான் வாங்கியதில் காரம் அதிகம். அலசலில் அது முழுவதும் போகவில்லை. காரம் மிஞ்சிய பருத்தித் துணியில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் மஞ்சள் ஏறும். கடைசி அலசலில் மென்மையான அமிலம் விட்டுக் காரத்தை முறிப்பார்கள். அந்த அளவும் பழைய பொருளுக்கானது. சாயப்பட்டறைகளோடு பழகிய எனக்கு இதெல்லாம் தெரியாததல்ல. தெரிந்தும் செய்தேன். எல்லாச் சட்டைகளையும் மறுபடி அலசி, பெரும்பாலானவற்றை மீட்டோம். பதினொரு சட்டைகளுக்குப் புதுச் சட்டையின் விலையைக் கொடுத்தேன். ஒரு குடியிருப்பிலிருந்து வழக்கமாக வந்த ஏழு வீடுகள் அதன் பிறகு வரவே இல்லை.

அன்றிரவு கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு என் மனைவி ஒன்று கேட்டார்: "திருப்பூரில் பையர் கொடுத்த டெக் பேக்கில் ஒரு தையலையாவது நீங்கள் மாற்றியிருக்கிறீர்களா?"

இல்லை. ஒருபோதும் இல்லை. ஓர் அங்குலத்துக்கு இத்தனை தையல், மார்பளவில் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது, நூலின் நிற எண் இது என்று டெக் பேக்கில், அதாவது உடையை எப்படித் தைக்க வேண்டும் என்று பையர் தரும் விவரத் தாளில், இருந்தால் அதுதான். எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 அளவுகோலில் சோதனைக்கு ஆள் வருவார். தப்பினால் பெட்டி கப்பல் ஏறாது. அந்த ஒழுங்கில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவன் நான். முன்பின் பார்த்திராத ஒரு வெளிநாட்டுக்காரரின் காகிதத்துக்குக் கட்டுப்பட்டிருந்தேன். நானே பணம் கொடுத்து வாங்கிய கையேட்டுக்குக் கட்டுப்பட மறுத்தேன். நிறுவனத்தின் செயல்முறைக் கையேட்டை அன்று முதல் டெக் பேக்காக நினைத்துப் படித்தேன். மூன்று வாரங்களில் மறுசலவைக்குத் திரும்பும் துணிகள் பாதியாகக் குறைந்தன. சொந்தத் தொழிலில் ஜெயித்தவர்களுக்கு ஃபிரான்சைஸில் வருகிற ஆபத்து இதுவே: அவர்களுக்குத் தெரியும். தெரிவதால் கைவைப்பார்கள். கையெழுத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். கடை திறந்தபின் சொன்னபடி செய்ய வேண்டும். நான் இதில் பாதியை மட்டும் முதலில் சரியாகச் செய்தேன்.

கட்டுப்படுவது என்றால் வாய் மூடி இருப்பது என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்தின் விலைப்பட்டியலில் லெஹங்கா இருந்தது, ஷெர்வானி இருந்தது, வேட்டி இல்லை. பட்டுப்பாவாடை இல்லை. வைகாசி முகூர்த்தம் முடிந்த வாரத்தில் பட்டுவேட்டிகளும் அங்கவஸ்திரங்களும் மூட்டை மூட்டையாக வந்தன. கணினியில் அவற்றை 'மற்றவை' என்று பதிந்துகொண்டிருந்தோம். கஞ்சி போட்டு மொடமொடவென்று மடித்த வேட்டியும், கல்யாணத்துக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்துப் பின் குத்திய சேலையும் இங்கே பெரிய வேலை என்று, மூன்று மாத எண்ணிக்கையோடு எழுதி அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து ஒப்புதல் வந்தது, தமிழ்நாட்டுக் கிளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. மெக்டொனால்ட்ஸின் பிக் மேக், பிட்ஸ்பர்க் பகுதியில் கடைகள் வைத்திருந்த ஜிம் டெலிகட்டி என்ற கிளை உரிமையாளர் 1967இல் உருவாக்கியது. அவர் வெறுமனே சொன்னபடி செய்தவராக இருந்திருந்தால் அது வந்திருக்காது; ஒளித்துச் செய்தவராக இருந்திருந்தால் உலகம் முழுவதும் போயிருக்காது.

கையேடு சட்டத்துக்கு எதிராக இருந்தால் அதை மீறத்தான் வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். நான் நாற்காலி போட்டேன். சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினேன். பதில் வரவில்லை, நாற்காலி இருக்கிறது.

எங்கள் தெருமுனையில் ஒரு வேப்ப மரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கிறது. ஒரு கணவன் மனைவி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருக்கிறார்கள். நிறுவனத்தின் கையேடு அவர்களைப் 'போட்டியாளர்' என்று வகைப்படுத்துகிறது. கணவர் பெட்டி போடுகிற அழகை ஒரு நாள் நின்று பார்த்தேன். காலர் முனையில் அவர் கை திரும்பும் விதம் என் கடையில் யாருக்கும் வராது. மாதம் 18,000 சம்பளம், இருக்கை, மின்விசிறி எல்லாம் சொல்லி வேலைக்குக் கூப்பிட்டேன். கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இங்கே நான் முதலாளி அண்ணா. அங்கே வந்தால் நான் ஆள்."

என் மைத்துனர் கேட்ட அதே கேள்வி. எனக்கு அது அவமானமாகப் படவில்லை. அவர் தன் சுதந்திரத்தின் விலையைச் சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நானும் போட்டிருந்தேன், என் கணக்கு வேறு. இப்போது எங்களிடம் துவைத்த துணியில் இஸ்திரி வேலை தேங்கும் நாட்களில் அவருக்கு உருப்படிக் கணக்கில் அனுப்புகிறேன். சோதித்துத்தான் உறையில் போடுகிறோம். நிறுவனத்திடம் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்கித்தான் அனுப்புகிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பட்டுச்சேலை வந்தது. சந்தன நிற உடல், அரக்குக் கரை. கொண்டுவந்த பெண்ணின் அம்மாவுடைய கல்யாணச் சேலை. ஒரு சிறிய காபிக் கறை. புதிதாகச் சேர்ந்த பையன் உள்மடிப்பில் சாயச் சோதனை செய்யாமல் தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிட்டான். அரக்கு கரைந்து சந்தனத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் படர்ந்தது. ரசீதின் பின்பக்கம் பொறுப்பின் உச்ச அளவு சலவைக் கட்டணத்தின் பத்து மடங்கு என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. நிறுவனம் அதை மட்டும் கொடுக்கச் சொன்னது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அந்தச் சிறிய எழுத்து காப்பாற்றும் என்று என் வக்கீல் உறுதி சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கணக்கு முக்கியமாகப் படவில்லை. நானும் மனைவியும் அந்த வீட்டுக்குப் போனோம். சேலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் அம்மா பேசாமல் இருந்தார். காஞ்சிபுரத்தில் தெரிந்த ஒரு நெசவாளர் மூலம் முடிந்தவரை சரிசெய்து கொடுத்தோம். அடையாளம் முழுவதும் போகவில்லை. ஒரு புதுச் சேலையின் விலையையும் கொடுத்தேன். பெயர்ப்பலகை யாருடையதாக இருந்தாலும், ஊரில் வீட்டுக் கதவைத் தட்டி நிற்க வேண்டிய முகம் நம்முடையது. சாயச் சோதனை செய்யாமல் இப்போது எந்தப் பட்டும் கறை எடுக்கும் மேசைக்குப் போவதில்லை. சீட்டில் இரண்டு பேர் கையெழுத்து இருக்க வேண்டும்.

இந்த ஆண்டு நிறுவனம் எனக்குச் சரவணம்பட்டியில் இரண்டாவது கிளை தர முன்வந்தது. இன்னும் பதில் சொல்லவில்லை. சேலத்துக்காரர் சொன்னது காதில் இருக்கிறது: ஆள் வைத்து நடத்தலாம் என்று நினைத்தது. எங்கள் கவுன்ட்டரில் முதல் நாளிலிருந்து இருக்கும் பெண்ணைக் கடை முழுவதையும் கவனிக்கும் அளவுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். நான் ஒரு மாதம் கடைப்பக்கம் வராமல் இருந்து, மறுசலவை எண்ணிக்கை ஏறாமல் இருந்தால் பிறகு யோசிக்கலாம்.

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். நிட்டிங் எந்திரங்களை விற்றுவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிறவர். கையில் ஒரு பளபளப்பான கையேடு. என் கடையைச் சுற்றிப் பார்த்தார், எந்திரங்களைத் தொட்டுப் பார்த்தார், மாதம் எவ்வளவு நிற்கும் என்று கேட்டார். மேலே எழுதிய கணக்கை அப்படியே காகிதத்தில் போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது, நிறுவனத்தில் யாரிடம் பேசுவது, எண் இருக்கிறதா என்றார். சேலத்துக்காரரை அழைத்துச் சம்மதம் கேட்டுவிட்டு, அவருடைய எண்ணை எழுதிக் கொடுத்தேன்.